வீட்டுக்காரர்கள் வீடு மாறிய பிறகு: ‘மேன் அபௌட் த ஹவுஸ்’ தொடரையும் அதன் இரண்டு கிளைகளையும் மீண்டும் பார்த்தபோது

மேல்போர்ஷன் எழுதியது:

கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தபடி கிடக்க நேர்ந்ததால், பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டுவந்த ஒரு காரியத்தை இந்த முறை முடித்துவிட்டேன். பிரிட்டனின் தேம்ஸ் தொலைக்காட்சி 1973 முதல் 1976 வரை வழங்கிய ‘மேன் அபௌட் த ஹவுஸ்’ நகைச்சுவைத் தொடரையும், அதிலிருந்து பிரிந்த ‘ஜார்ஜ் அண்ட் மில்ட்ரெட்’, ‘ராபின்ஸ் நெஸ்ட்’ ஆகிய இரண்டு கிளைத்தொடர்களையும் வரிசை பிசகாமல் பார்த்தேன். தாய்த்தொடரில் 39, ஜார்ஜ் தம்பதியின் தொடரில் 38, ராபினின் தொடரில் 48 என மொத்தம் 125 அத்தியாயங்கள்.

பார்த்திராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். லண்டனில் மிடில்டன் டெரஸ் என்ற தெருவில் ஒரு பழைய வரிசை வீடு. மேல் போர்ஷனில் கிரிஸ்ஸி, ஜோ என்ற இரண்டு இளம்பெண்கள் குடியிருக்கிறார்கள். உடன் தங்கியிருந்த தோழி காலி செய்துகொண்டு போவதற்காக வைத்த விருந்துக்கு மறுநாள் காலையில், யாரென்றே தெரியாத ஓர் இளைஞன் குளியல் தொட்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறான். அவன்தான் ராபின் டிரிப், சமையற்கலை மாணவன். வாடகையைப் பங்கிட மூன்றாவது ஆள் தேவை; இவனுக்கோ சமைக்கத் தெரியும். அவ்வளவுதான், குடியேறிவிடுகிறான். கீழே வீட்டுக்காரர் ஜார்ஜ் ரோப்பரும் அவர் மனைவி மில்ட்ரெடும் இருக்கிறார்கள். ஜானி மார்ட்டிமர், பிரையன் குக் இருவரும் சேர்ந்து எழுதிய தொடர் இது.

என் இருபதாவது வயதில், வளைகுடாவிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த வீடியோ கேசட்டில் இதில் சில அத்தியாயங்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது என் கண்ணுக்கு மேல் போர்ஷன் மட்டுமே தெரிந்தது. ராபினுக்கும் கிரிஸ்ஸிக்கும் எப்போது கைகூடும் என்பதுதான் கவலை. கீழே இருந்த கிழடுகள் எப்போது கதவைத் தட்டிக் காரியத்தைக் கெடுப்பார்களோ என்று எரிச்சல்கூட வந்ததுண்டு. இப்போது பார்க்கும்போது, கேமரா மாடியில் இருக்கும் நேரத்திலும் என் மனம் கீழேயே தங்கிவிடுகிறது. தொடரின் மையம் மில்ட்ரெட்தான் என்பதே என் இப்போதைய எண்ணம்.

மில்ட்ரெட் மேலே வரும் காட்சிகளைக் கவனியுங்கள். தளர்ந்த பூப்போட்ட அங்கி, கழுத்தில் கொட்டை கொட்டையாய் மணிமாலை, தூக்கிச் சீவிய பொன்னிற முடி என்று, எங்கோ புறப்பட்டவளைப் போலவே எப்போதும் இருக்கிறாள்; ஆனால் அவள் புறப்பட்டு வந்த இடம் பெரும்பாலும் இந்தப் பதினைந்து படிகளுக்கு அப்பால் இல்லை. வாடகை வாங்க வந்தவள் வாடகையைப் பற்றிப் பேசிவிட்டும் போக மனமில்லாமல் நிற்கிறாள். கீழே ஜார்ஜ் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தன் பறவையிடம் பேசும் அளவுக்குக்கூட மனைவியிடம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். மேலே மூன்று இளசுகள்; எதுவும் நடக்கலாம் என்ற வீடு. கீழே எதுவும் நடக்காத வீடு. நடுவே மாடிப்படி. தொடரின் நகைச்சுவை முழுவதும் அந்தப் படிக்கட்டில்தான் ஏறி இறங்குகிறது.

ஆகவே என் கேள்வி இது: படிக்கட்டை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? கிளைத்தொடர்கள் இரண்டுமே அந்த வீட்டை விட்டு வெளியேறிவிட்டவை. அவற்றில் ஒன்று தாயை மிஞ்சியது. மற்றொன்று மெல்ல மெல்ல நீர்த்துப்போனது என்பது என் தீர்ப்பு. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்; எனக்குக் கால் கட்டு பிரிக்க இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

தேம்ஸ்கரையான் எழுதியது:

வணக்கம் அண்ணா. கால் விரைவில் குணமாக வேண்டும். நான் தென்மேற்கு லண்டனின் கிங்ஸ்டனில் வசிப்பவன் என்பதால் ஒரு சிறு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். வீட்டை நகராட்சி கட்டாயமாகக் கையகப்படுத்தியதால் ஜார்ஜும் மில்ட்ரெடும் குடிபெயரும் பீக்காக் கிரெசன்ட் என்ற தெரு ஹாம்டன் விக்கில் இருப்பதாகக் கதை. தெரு கற்பனை, ஊர் உண்மை. கிங்ஸ்டன் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போனால் ஹாம்டன் விக்தான். ரயிலில் போனால் எங்கள் நிலையத்துக்கு அடுத்த நிறுத்தம். அதற்கும் அடுத்தது டெடிங்டன். தேம்ஸ் தொலைக்காட்சியின் படப்பிடிப்புக்கூடம் அங்கேதான் ஆற்றங்கரையில் இருந்தது. எழுதியவர்கள் தொலைதூரம் போகவில்லை. தங்கள் கூடத்துக்கு ஒரு நிறுத்தம் தள்ளி, கொஞ்சம் பசையுள்ள புறநகர் ஒன்றைப் பிடித்து, அதற்குள் ஜார்ஜைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள்.

அந்தக் கூடம் 2014 இல் மூடப்பட்டது. பின்னர் இடித்துவிட்டு ஆற்றைப் பார்த்தபடி அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் நடக்கப் போகும்போது, நகராட்சி ஓலை கொடுத்து மிடில்டன் டெரஸை எடுத்த கதை எனக்கு நினைவுக்கு வரும்.

இன்னொன்றும் உண்டு. 1974 இல் ஹாமர் நிறுவனம் இத்தொடரைத் திரைப்படமாக எடுத்தது. அதில் கட்டட முதலாளிகள் அந்தத் தெருவையே இடிக்கப் பார்ப்பதும், குடியிருப்பவர்கள் எதிர்ப்பதும்தான் கதை. படத்தில் தப்பிய வீடு, இரண்டு ஆண்டு கழித்துக் கிளைத்தொடரின் முதல் அத்தியாயத்தில் போய்விடுகிறது. அன்றைய லண்டனில் பழைய வரிசை வீடுகளில் குடியிருந்த யாருக்கும் இது வெறும் கதையாகத் தோன்றியிருக்காது.

செண்பகம் எழுதியது:

மேல்போர்ஷன் ஐயா அவர்களுக்கு வணக்கம். மில்ட்ரெட் மையம் என்று நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அவளை வைத்துச் செய்யப்பட்ட நகைச்சுவை எப்படிப்பட்டது என்பதை நீங்கள் கொஞ்சம் இலேசாகத் தாண்டிவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கணவனின் தொடுதலுக்கு ஏங்கும் நடுவயது மனைவி, தலைவலி என்று சொல்லித் தப்பியோடும் கணவன் என்ற இந்த ஒரே வித்தையை மூன்று ஆண்டும், பின்னர் நான்கு ஆண்டும் கறந்திருக்கிறார்கள். ஆண் ஏங்கினால் அது காதல் கதை, பெண் ஏங்கினால் அது கேலி என்பதுதானே இதன் அடித்தளம்? மேல் போர்ஷனில் ராபின் இரண்டு பெண்களையும் சுற்றிச் சுற்றி வருவதைத் தொடர் குறும்பு என்று கொஞ்சுகிறது. கீழே மில்ட்ரெட் தன் சொந்தக் கணவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால், அரங்கில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மீண்டும் பார்த்தபோது எனக்கு அந்தச் சிரிப்பொலிதான் உறுத்தியது.

மேல்போர்ஷன் எழுதியது:

செண்பகம் அம்மா, நீங்கள் சொல்வது எழுத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. ஆனால் எழுத்து வேறு, நடிப்பு வேறு. மில்ட்ரெடாக நடித்த யூதா ஜாய்ஸ் செய்வதை ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்தேன் (வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டதும் ஒரு காரணம்). ஜார்ஜ் ஏதோ ஒரு சாக்குச் சொல்கிறார். அவள் உடனே பதில் சொல்வதில்லை. முகத்தை அவரிடமிருந்து மெதுவாக எடுத்து, அறையில் யாருமே இல்லாத ஒரு மூலைக்குத் திருப்புகிறாள். கன்னம் உள்ளே ஒடுங்குகிறது, உதடு குவிகிறது, கண் மட்டும் கீழே தாழ்ந்து மீண்டும் எழுகிறது. அதற்குப் பிறகுதான் பதில் வருகிறது. ஒலியோடு பார்த்தால் அந்த இடைவெளி முழுக்கச் சிரிப்பு நிரம்பியிருக்கும். ஒலியில்லாமல் பார்த்தால், ஒரு பெண் தனக்குக் கிடைக்காததை மீண்டும் ஒருமுறை எண்ணிப்பார்த்து, சரி இன்றைக்கும் இல்லை என்று மடித்து உள்ளே வைப்பது தெரியும். சிரிப்பொலி அவளைக் கேலி செய்கிறது என்பது உண்மையானால், அவள் அந்தக் கேலிக்குள் நின்றுகொண்டே தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்கிறாள் என்பதும் உண்மை.

இதை அவர் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. அவரும், ஜார்ஜாக நடித்த பிரையன் மர்ஃபியும், கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபர்டில் ஜோன் லிட்டில்வுட் நடத்திய தியேட்டர் வொர்க்‌ஷாப் நாடகக் குழுவில் பயின்றவர்கள். உழைக்கும் மக்களின் பேச்சையும் உடலையும் மேடையேற்றிய குழு அது. தம்பதியாக நடிக்க வருவதற்கு முன்பே ஒருவர் மூச்சு மற்றவருக்குப் பழகிவிட்டது. ஒருவர் பேசும்போது மற்றவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள். வெட்டியாக நிற்கும் நொடியே இருக்காது.

தேம்ஸ்கரையான் எழுதியது:

யூதா ஜாய்ஸ் 1980 ஆகஸ்ட் 24 அன்று இறந்தார். 53 வயது முடிந்து நான்கே நாள். குடியால் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. இதை அறிந்துகொண்டு ‘ஜார்ஜ் அண்ட் மில்ட்ரெட்’ கடைசிப் பருவத்தைப் பார்ப்பது எளிதன்று. பிரையன் மர்ஃபி 2025 பிப்ரவரியில் தமது 92 ஆவது வயதில் காலமானார். அவரை நினைவுகூர்ந்த எல்லோரும் பேசியது ஜார்ஜைப் பற்றியே. ஜார்ஜ் தனியாக எங்கும் வருவதில்லை அல்லவா, அவர் பெயரைச் சொன்னாலே அடுத்த பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

எச்சில்தட்டு எழுதியது:

ராபினைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! ‘ராபின்ஸ் நெஸ்ட்’ நீர்த்துப்போனது என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்ட மேல்போர்ஷன் அவர்களிடம் சண்டைக்கு வந்திருக்கிறேன்.

முதலாவது, 1977 இல் அது செய்த காரியத்தின் துணிச்சலை இன்று நாம் உணர்வதில்லை. திருமணம் செய்துகொள்ளாத ஓர் ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில், ஒரே படுக்கையறையில் வாழ்வதை ஒரு நகைச்சுவைத் தொடரின் அடிப்படையாக வைப்பதற்கு, தனியார் தொலைக்காட்சியைக் கண்காணித்த ஆணையத்தின் அனுமதியை வாங்கவேண்டியிருந்தது. தாய்த்தொடரில் மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்பது நகைச்சுவை. இங்கே நடக்கிறது, அதை யாரும் மறைக்கவும் இல்லை. லண்டனின் ஃபுல்ஹாமில் ராபினும் அவன் காதலி விக்கியும் நடத்தும் சிறு உணவகம், மாடியில் குடித்தனம், பணம் போட்ட கூட்டாளியாக விக்கியின் அப்பா ஜேம்ஸ் நிக்கல்ஸ். மருமகனாகாத மருமகனின் கல்லாவில் மாமனாராகாத மாமனார் கைவைக்கும் உறவுச் சிக்கலை வேறு எந்தத் தொடரில் பார்த்தீர்கள்? டோனி பிரிட்டன் அந்தப் பாத்திரத்தைச் செய்த மிடுக்கே தனி.

இரண்டாவது, ஆல்பர்ட் ரிடில். ஒற்றைக் கையுள்ள அயர்லாந்துக்காரர், சிறை சென்று வந்தவர், வேலையோ பாத்திரம் கழுவுவது. இதை எழுதிக் காட்டினால் மட்டமான நகைச்சுவை என்றுதான் தோன்றும். ஆனால் டேவிட் கெல்லி அதை எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். (அவருக்கு உண்மையில் இரண்டு கையும் உண்டு; ஒன்றைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடித்தார்.) தட்டைக் கழுவித் துடைத்து அடுக்கும் காட்சிகளில், தன் கையைப் பற்றி மற்றவர்கள் படும் சங்கடத்தை அவர் கொஞ்சங்கூடப் பொருட்படுத்துவதில்லை; சங்கடப்படுபவர்களைப் பார்த்துத்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ தொடரில் ஒரே அத்தியாயத்தில், சுவரை மாற்றிக் கட்டிவிடும் கட்டடக்காரராக வந்துபோனவரும் இவர்தான்.

கடைசியாக, தொடரின் முகப்பு இசையை அமைத்ததும் ராபினாக நடித்த ரிச்சர்ட் ஓ’சல்லிவன்தான். வேறு எந்தக் கதாநாயகன் தன் வரவுக்குத் தானே மேளம் கொட்டியிருக்கிறான்?

மேல்போர்ஷன் எழுதியது:

எச்சில்தட்டு அவர்களே, ஆல்பர்ட் ரிடிலுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர் இருக்கும் காட்சிகளில் என் தீர்ப்பு செல்லாது. ஆனால் உங்கள் வாதமே எனக்குத் துணை நிற்கிறது என்பதைக் கவனித்தீர்களா? நீங்கள் எடுத்துக்காட்டிய இருவரும் ராபினுக்கு வெளியே இருப்பவர்கள். ஒருவர் கல்லாவுக்குக் காவல் நிற்கிறார், மற்றவர் கழுவுதொட்டியோடு நிற்கிறார். ராபின் எங்கே?

தாய்த்தொடரின் ராபின் எதையாவது விரும்பிக்கொண்டே இருந்தான், எதுவும் கிடைக்கவில்லை. கடைசி அத்தியாயத்தில், 1976 ஏப்ரலில், கிரிஸ்ஸி மணந்துகொள்வது ராபினின் சொந்தச் சகோதரன் நார்மனை. ஒரு நகைச்சுவைத் தொடர் தன் நாயகனை இப்படித் தோற்கவிட்டு முடிவது, அதுவும் அவன் குடும்பத்துக்குள்ளேயே அந்தப் பெண் அண்ணியாகவோ தம்பி மனைவியாகவோ வந்து நிற்கும்படி முடிவது, சாதாரண விஷயமன்று. அந்தத் தோல்வியோடு அவன் ஃபுல்ஹாமுக்கு வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! ஆனால் புதிய தொடரின் ராபினுக்குப் பழைய வீட்டின் நினைவே இல்லை. காதலி இருக்கிறாள், தொழில் இருக்கிறது, பின்னர் திருமணம், அதன் பிறகு இரட்டைக் குழந்தைகள். கேட்டதெல்லாம் கிடைத்தவனை வைத்துக்கொண்டு எழுத்தாளன் என்ன செய்வான்? வாடிக்கையாளர் யாராவது சூப்பில் ஈ என்று கத்தினால்தான் உண்டு. பிற்பகுதியில் வேறு எழுத்தாளர்களும் கைவைத்தது கூடுதல் காரணம்.

‘ஜார்ஜ் அண்ட் மில்ட்ரெட்’ நேர் எதிர். மில்ட்ரெட் கேட்ட வீடு கிடைத்துவிட்டது: புது வீடு, தோட்டம், மரியாதையான அண்டைவீட்டார். ஆனால் ஜார்ஜையும் கூட்டிக்கொண்டல்லவா வந்திருக்கிறாள்! வீட்டை மாற்றலாம், மாமியார் வீட்டுச் சீதனம்போல அந்த மனிதரைத் தூக்கி எறிய முடியவில்லை. மாடிப்படி போன இடத்தில் தோட்டத்து வேலி வந்துவிடுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஜெஃப்ரி ஃபோர்மைல், வீட்டுத் தரகர், பழைமைவாதக் கட்சிக்காரர். ஜார்ஜ் பக்கத்துவீட்டில் இருப்பதாலேயே தன் தெருவின் விலை இறங்கிவிடும் என்று தொழில்முறையில் கணக்குப் போடத் தெரிந்தவர். முன்பு இளமை மேலேயும் முதுமை கீழேயும் இருந்தன. இப்போது வர்க்கம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ஒரு பிளவை எடுத்த இடத்தில் இன்னொரு பிளவை வைத்தார்கள், அது நின்றது.

செண்பகம் எழுதியது:

அந்த வேலியைத் தாண்டிப் போய்வரும் ஒரே ஆள் ஜெஃப்ரியின் சிறு மகன் டிரிஸ்ட்ரம். கண்ணாடி போட்ட அந்தக் குழந்தை ஜார்ஜிடம் போய் உட்கார்ந்துகொண்டு, அவர் உளறும் அரசியலையெல்லாம் பாடம்போலக் கற்றுக்கொண்டு, அப்பாவிடம் வந்து ஒப்பிக்கும் இடங்கள்தான் எனக்கு முழுத் தொடரிலும் பிடித்தவை. பிள்ளையில்லாத ஜார்ஜ் அந்தப் பையனோடு இருக்கும்போது மட்டும் யாருக்கும் பயப்படாமல் பேசுகிறார். மில்ட்ரெட் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் விதமும் வேறாக இருக்கிறது. எழுத்தைப் பற்றி நான் முன்பு சொன்னதில் பாதியை இந்தக் காட்சிகளுக்காகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும்.

ஒரு வேடிக்கை. ஜெஃப்ரியாக நடித்த நார்மன் எஷ்லிதான் கிரிஸ்ஸியை மணந்த நார்மன் டிரிப். ஏப்ரலில் மாப்பிள்ளையாக நின்றவர், செப்டம்பரில் வேறு மனைவி, வளர்ந்த பிள்ளையோடு வேலிக்குப் பின்னால் நிற்கிறார். வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தவர்கள் மறந்திருக்கலாம். இப்படி ஒரே மூச்சில் பார்க்கும்போது, ராபினின் சாபம் பலித்துவிட்டது போலவே இருக்கிறது.

அக்கரைப்பச்சை எழுதியது:

அமெரிக்கப் பிரதியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ‘த்ரீஸ் கம்பெனி’ 1977 இல் தொடங்கி 1984 வரை ஓடியது. அதில் நாயகன் பெண்களை நாடாதவன் என்று வீட்டுக்காரரிடம் சொன்ன பொய்தான் முதுகெலும்பு. மூலத்தில் அந்தப் பொய்க்கு அத்தனை வேலை இல்லை. சுவையான செய்தி என்னவென்றால், அமெரிக்கர்கள் தொடரோடு கிளைகளையும் சேர்த்தே வாங்கிப் போனார்கள். ‘ஜார்ஜ் அண்ட் மில்ட்ரெட்’ அங்கே ‘த ரோப்பர்ஸ்’ ஆனது. 1979 இல் வந்து மறு ஆண்டே மூடப்பட்டது. ‘ராபின்ஸ் நெஸ்ட்’ அங்கே ‘த்ரீஸ் எ க்ரவுட்’ ஆனது. ஒரே பருவத்தோடு சரி.

மேல்போர்ஷன் சொல்லும் வேலிக் கணக்கு இங்கே பொய்க்கிறதா என்று யோசித்தேன். ‘த ரோப்பர்ஸ்’ தொடரிலும் அண்டைவீட்டார் வீட்டுத் தரகர்தான். ஜெஃப்ரி டாம்பர் நடித்தார். பாத்திரங்களும் அதே வகை, இடமும் அதே வகை. ஆனால் அங்கே அந்த வேலி வெறும் பணவேலி. ஹாம்டன் விக்கில் ஜார்ஜ் வாயைத் திறந்த மாத்திரத்தில், அவர் உச்சரிப்பே அவர் பிறந்த தெருவைச் சொல்லிவிடுகிறது; எவ்வளவு பணம் வந்தாலும் மில்ட்ரெட் அதைத் துடைக்க முடியாது. நடிகர்கள் குறைந்தவர்கள் அல்லர். கலிஃபோர்னியாவில் அந்தக் காது இல்லை.

தேம்ஸ்கரையான் எழுதியது:

அக்கரைப்பச்சை சொல்வது முற்றிலும் சரி. இந்த நாட்டில் முப்பது ஆண்டு வாழ்ந்த பிறகும், ஒருவர் பேசும் ஆங்கிலத்தை வைத்து அவர் எந்தப் பள்ளியில் படித்திருப்பார் என்று என் வெள்ளைக்கார நண்பர்கள் கண்டுபிடிக்கும் வேகம் எனக்கு வராது. என் பிள்ளைகளுக்கு வருகிறது. அவர்களோடு உட்கார்ந்து ‘ஜார்ஜ் அண்ட் மில்ட்ரெட்’ பார்க்கும்போது, நான் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் இடங்களில் அவர்கள் சும்மா இருக்கிறார்கள். நான் ஒன்றும் புரியாமல் இருக்கும் இடத்தில் அவர்கள் ஜெஃப்ரியின் ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்லிக் குலுங்குகிறார்கள்.

மேல்போர்ஷன் எழுதியது:

கட்டு பிரித்தாகிவிட்டது. மருத்துவர் படி ஏறக்கூடாது என்கிறார்; எனக்கு வாய்த்திருப்பதோ உண்மையிலேயே மேல் போர்ஷன். ஆதலால் இன்னும் சில நாள் தங்கையின் வீட்டில், கீழ்த்தளத்தில் இருக்கிறேன்.

எச்சில்தட்டு அவர்களுக்காக ‘ராபின்ஸ் நெஸ்ட்’ முதல் பருவத்தை மீண்டும் எடுத்து வைத்திருக்கிறேன், இம்முறை ஆல்பர்ட் ரிடிலை மட்டும் கவனிப்பதாக எண்ணம். அதற்கு முன் ஒன்று பாக்கி. 1979 கிறிஸ்துமஸ் அன்று ஒளிபரப்பான ‘ஜார்ஜ் அண்ட் மில்ட்ரெட்’ கடைசி அத்தியாயத்தைப் போன வாரம் பார்த்தபோது, இது கடைசி என்று அவர்கள் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பிலேயே வசனத்தைத் தவறவிட்டுவிட்டேன். அடுத்த பருவத்துக்குத் திட்டமிட்டிருந்தார்கள். அதில் விடைபெறும் காட்சி எதுவும் இல்லை. ஜார்ஜ் வழக்கம்போல முணுமுணுக்கிறார், மில்ட்ரெட் வழக்கம்போல மூலையைப் பார்க்கிறாள். இன்றிரவு ஒலியை வைத்துப் பார்க்கப்போகிறேன். தங்கையும் பார்க்கிறேன் என்கிறாள். அவளுக்கு ஜார்ஜைப் பார்த்தால் என் மைத்துனர் நினைவு வருகிறதாம், அவரைக் கூப்பிடவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாள்.